முதல் காரும் இருங்காட்டுக்கோட்டையும்

ஒரு குடும்பத்தின் முதல் கார் குறித்த நினைவு, அந்தக் காரின் தோற்றத்தையோ வேகத்தையோ சார்ந்து அமைவதைவிட, அது எவ்வாறு கைக்கு வந்தது, எந்த இடத்தில் நின்றுபோனது என்னும் இரண்டையும் சார்ந்தே பெரும்பாலும் அமைகிறது. 1970-களில் கார் வாங்கிய தமிழர் பல ஆண்டுக் காத்திருப்பையும், மலைப்பாதையில் நின்றுவிட்ட எஞ்சினையும் நினைவுகூர்வார். 2000-க்குப் பிறகு வாங்கியவரோ மாதத் தவணையையும், கடன் முடிந்து ஆர்.சி. புத்தகம் தம் பெயரில் தூய்மையாகக் கைக்கு வந்த நாளையும் நினைவுகூர்வார். இவ்விரு தலைமுறைகளுக்கும் இடையே நிகழ்ந்த மாற்றத்தில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னதாக அமைந்த இருங்காட்டுக்கோட்டை என்னும் சிற்றூருக்குக் கணிசமான பங்கு உண்டு.

விடுதலைக்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளில் இந்தியாவில் கார் வாங்க விரும்பியவருக்குத் தேர்ந்தெடுக்க மூன்றே நிறுவனங்கள் இருந்தன எனலாம். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசிடரையும், பம்பாயின் குர்லாவில் பிரீமியர் நிறுவனம் ஃபியட்டையும், சென்னையை அடுத்த வண்டலூர்–பெருங்களத்தூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டையும் தயாரித்தன. ஹெரால்டு சென்னைக்காரர்களுக்குச் சொந்த ஊர்க் காராகவே விளங்கியது. அதன் முன்பக்கம் முழுவதும், மட்கார்டுகளோடு சேர்ந்து, முன்னோக்கிச் சாய்ந்து திறந்துகொள்ளும் அமைப்பினால் எஞ்சினின் எல்லாப் பாகங்களும் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தன. வீட்டு வாசலிலேயே ஸ்பேனரைப் பிடித்துப் பழகிய ஒரு தலைமுறைக்கு அந்த அமைப்பு பெரும் வசதியாக இருந்தது. இன்று தென்சென்னைப் புறநகரைக் கடந்து செல்வோரில் பலருக்கு அங்கே ஒரு கார்த் தொழிற்சாலை இயங்கியதே தெரியாது.

உற்பத்தி உரிமங்களால் வரையறுக்கப்பட்டிருந்தபடியால் தேவைக்கும் வழங்கலுக்கும் இடைவெளி பெருகிக்கொண்டே போனது. 1959-ல் மத்திய அரசு பிறப்பித்த மோட்டார் கார் விநியோக, விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை புதிய கார்களின் விற்பனையை நெறிப்படுத்தியது. யாருக்கு எந்த வரிசையில் கார் கிடைக்கும் என்பதை முன்பதிவும் அரசு ஒதுக்கீடும் தீர்மானித்தன. இதன் விளைவாக, ஓரிரு ஆண்டுகள் ஓடிய கார் புதிய காரின் அரசு விலையைக் காட்டிலும் கூடுதல் விலைக்குக் கைமாறும் விந்தை நிகழ்ந்தது. முதல் கார் புதிய காராகவே இருக்க வேண்டும் என்று எண்ணுவதற்குக்கூட அக்காலத்தில் ஒருவருக்குச் செல்வாக்கு வேண்டியிருந்தது. மருத்துவர், வழக்கறிஞர், ஒப்பந்தக்காரர் போன்றோரின் வீடுகளில்கூட முதல் கார் என்பது யாரோ ஒருவர் ஓட்டிக் கழித்த காராகவே வந்து சேர்ந்தது.

அக்காலக் கார்கள் நினைவில் நிற்பதற்கு அவற்றின் பழுதுகளே முதற்காரணம். காலையில் குளிர்ந்திருக்கும் எஞ்சினைக் கிளப்புவதற்குச் சோக் எனப்படும் குமிழை இழுக்க வேண்டும்; அது கார்புரேட்டருக்குள் செல்லும் காற்றைக் குறைத்து, பெட்ரோலின் விகிதத்தைக் கூட்டும் எளிய அடைப்பு. இழுத்த சோக்கைத் தள்ள மறந்தால் பெட்ரோல் மிகுந்து பிளக் நனைந்துவிடும். பிறகு பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவைக்காமல் வண்டி அசையாது. பேட்டரி இறங்கிவிட்டால் அம்பாசிடரின் முன்பக்கம் ஹேண்டிலைச் செருகிச் சுற்றுவதும், அதுவும் பலிக்காவிட்டால் தெருவில் உள்ளவர்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்வதும் இயல்பான காட்சிகளாக இருந்தன.

கொடைக்கானலுக்கோ உதகைக்கோ ஏறும்போது நேர்ந்த சிக்கல் வேறு வகையானது. எஞ்சின் சூடு மிகும்போது, அதை ஒட்டிப் பொருத்தப்பட்டிருந்த பெட்ரோல் பம்பிலும் குழாயிலும் உள்ள பெட்ரோல் திரவ நிலையை இழந்து ஆவியாகிவிடும்; திரவத்தைத் தள்ளுவதற்கென அமைந்த பம்பினால் ஆவியைத் தள்ள இயலாது; ஆதலால் கார்புரேட்டருக்கு எரிபொருள் செல்லாமல் வண்டி நின்றுவிடும். மெக்கானிக்குகள் இதனை வேப்பர் லாக் என்பர். மருந்தும் எளியதே: பானெட்டைத் திறந்து வைத்து, பம்பின் மீது ஈரத்துணியைச் சுற்றி, தண்ணீர் ஊற்றிக்கொண்டே கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். இதற்கெனவே ஒரு துணியும் ஒரு கேன் தண்ணீரும் டிக்கியில் எப்போதும் இருக்கும். கொண்டைஊசி வளைவின் ஓரத்தில், புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தபடி, பம்பு குளிர்வதற்காகக் காத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ. அன்றைக்கு எரிச்சலூட்டிய அந்தக் கால் மணி நேரம்தான் பயணத்தின் மற்ற பகுதிகளைவிட நீண்ட நாள் நினைவில் தங்கியது.

1983 டிசம்பர் 14-ஆம் நாள் முதல் மாருதி 800 காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி தில்லியில் வழங்கியபோது, இந்த உலகம் தளரத் தொடங்கியது. 796 கன சென்டிமீட்டர் எஞ்சின் கொண்ட அச்சிறு கார் சொந்தமாக ஓட்டுவோருக்காக வடிவமைக்கப்பட்டது. ஓட்டுநர் வைத்துக்கொள்ளாத வீடுகளுக்கும், குறிப்பாகப் பெண்களுக்கும், கார் ஓட்டுதல் எட்டும் தொலைவில் வந்தது. ஆயினும் முன்பதிவும் காத்திருப்பும் அப்போது முற்றிலும் ஒழிந்துவிடவில்லை.

இருங்காட்டுக்கோட்டைக்கு வருவோம். கார்த் தொழிற்சாலை அமைவதற்கு முன்பே இவ்வூருக்குக் காரோடு உறவு ஏற்பட்டிருந்தது. சோழவரத்து விமான ஓடுபாதையில் நெடுங்காலம் பந்தயங்களை நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-ல் இங்கே நிரந்தரமான பந்தயத் தடத்தை அமைத்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன் மாருதி 800-இன் எஞ்சினைக் கொண்டே உருவாக்கிய ஃபார்முலா மாருதி பந்தயக் கார்கள் இத்தடத்தில் சீறின. கடைத்தெருவுக்குப் போய்வருவதற்கென அமைந்த எஞ்சினைப் பந்தயத்தில் ஓடவிட்டது, பொருளுக்குப் பஞ்சமிருந்த காலத்தின் மதிநுட்பம் என்றே கொள்ள வேண்டும்.

தென்கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம் இந்தியக் கூட்டாளி எவரையும் சேர்த்துக்கொள்ளாமல், முழுவதும் தனக்கே உரிமையான கிளை நிறுவனத்தை 1996-ல் தொடங்கி, இங்குள்ள சிப்காட் தொழிற்பூங்காவில் ஆலையை எழுப்பியது. சிப்காட் என்பது தொழில்களுக்கு நிலமும் சாலையும் மின்சாரமும் ஏற்பாடு செய்து தரும் தமிழ்நாடு அரசின் நிறுவனம். எஃகுத் தகட்டை அச்சில் அழுத்திக் கதவாகவும் கூரையாகவும் வடிக்கும் பிரஸ் ஷாப், அவற்றை வெல்டிங் செய்து உடலாக இணைக்கும் பாடி ஷாப், வண்ணம் பூசும் பெயின்ட் ஷாப், எல்லாப் பாகங்களையும் பூட்டும் அசெம்பிளி லைன் ஆகியவற்றோடு, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் செய்யும் பிரிவுகளும் அவ்வளாகத்திலேயே அமைந்தன. உதிரிபாகம் வழங்கும் கொரிய நிறுவனங்களும் பின்தொடர்ந்து வந்து சுற்றுப்புறத்தில் குடியேறின.

1998 செப்டம்பர் 23-ஆம் நாள் சான்ட்ரோ அறிமுகமானது. அகலத்துக்குப் பொருந்தாத உயரம் கொண்ட அதன் தோற்றத்தைத் தொடக்கத்தில் பலர் கேலி செய்தனர். நிறுவனம் அந்த உயரத்தையே சிறப்பாகக் காட்டி ‘டால் பாய்’ என விளம்பரம் செய்தது. கேலி செய்தவர்கள் கவனிக்கத் தவறியது, அவ்வுயரம் யாருக்குப் பயன்பட்டது என்பதைத்தான். தாழ்ந்த காரில் ஏறுவோர் முதுகை வளைத்து, இருக்கைக்குள் இறங்க வேண்டும். சான்ட்ரோவின் இருக்கையோ நாற்காலி உயரத்தில் இருந்தமையால், புடவை கட்டிய பெண்களும் முழங்கால் வலி உள்ள முதியவர்களும் திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொண்டாலே போதுமானதாக இருந்தது. தாத்தா பாட்டியையும் உடன் வைத்திருக்கும் குடும்பம் முதல் காரைத் தேர்ந்தெடுக்கும்போது, குதிரைத்திறனைவிட இதுவே பெரிதாகப்பட்டிருக்கும்.

சான்ட்ரோவின் 999 கன சென்டிமீட்டர் எஞ்சினில் கார்புரேட்டர் இல்லை. எம்.பி.எஃப்.ஐ. எனப்படும் பலமுனை எரிபொருள் செலுத்தும் முறையில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டர் பெட்ரோலைத் தூவுகிறது. எவ்வளவு தூவ வேண்டும் என்பதை எஞ்சினின் வெப்பம், காற்றின் அளவு முதலியவற்றை உணரும் கருவிகளின் துணையோடு ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி கணக்கிடுகிறது. சோக்குக்கு வேலையே இல்லாமற்போனது. பெட்ரோல் அழுத்தத்தோடு செலுத்தப்படுவதால் வேப்பர் லாக்கும் ஏறத்தாழ மறைந்தது. தலைநகர் வட்டாரத்தில் விற்கப்படும் கார்கள் யூரோ மாசு வரம்புகளுக்கு உட்பட வேண்டும் என 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோது, இத்தகைய எஞ்சினே தொழில் முழுமைக்கும் வழியாயிற்று. சான்ட்ரோ வந்த 1998-இன் இறுதியில் தேவூ மாட்டிஸும் டாடா இண்டிகாவும் களமிறங்கியமையால், வாங்குபவர் கடைக்காரரைத் தேடி அலைந்த நிலை மாறி, கடைக்காரர் வாங்குபவரின் வீட்டுக்கே டெஸ்ட் டிரைவுக்கு வண்டி அனுப்பும் நிலை வந்தது.

கார் நம்பகமானதும், நினைவின் இருப்பிடம் பானெட்டுக்குள்ளிருந்து பணப்பைக்கு இடம்பெயர்ந்தது. வண்டி வாங்கக் கடன் தருவதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட மரபு உண்டு, டி.எஸ். சந்தானம் 1954-ல் சென்னையில் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ் முதலிய நிறுவனங்கள் லாரி, பஸ் உரிமையாளர்களுக்குத் தவணைக் கொள்முதல் முறையில் கடன் அளித்து வளர்ந்தவை. அம்முறையில் கடைசித் தவணை கட்டும்வரை வண்டி சட்டப்படி நிதி நிறுவனத்தின் உடைமை. வாங்கியவர் அதை வாடகைக்கு வைத்திருப்பவர் மட்டுமே. பின்னர்ப் பரவலான ஹைப்போதிகேஷன் முறையிலோ வண்டி வாங்கியவருக்கே சொந்தம். கடன் தந்தவரின் உரிமை ஆர்.சி.யில் பதியப்பட்டிருக்கும். மக்கள் பேச்சில் இரண்டுமே ‘எச்.பி.’ தான்.

1990-களின் பிற்பகுதியிலிருந்து வங்கிகளும் கார்க் கடனில் முனைப்புக் காட்டியதால், மாதச் சம்பளக்காரருக்கு இ.எம்.ஐ. என்னும் சமமான மாதத் தவணை பழகிப்போனது. கடன் முடிந்ததும் வங்கியிடமிருந்து தடையின்மைச் சான்றும் கையொப்பமிட்ட படிவம் 35-உம் பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து எச்.பி. கேன்சல் செய்தால்தான் ஆர்.சி.யிலுள்ள கடன் பதிவு நீங்கும். தவணையை முடித்தவர்களில் கணிசமானோர் இதைத் தள்ளிப்போட்டு, வண்டியை விற்கப்போகும் நாளில்தான் அலைகின்றனர். ஐந்தாண்டு சிரத்தையாகக் கட்டியவர்கள் கடைசி ஒரு தாளுக்குச் சோம்புவது வியப்புக்குரியது.

இயந்திரம் எவ்வளவு மாறினாலும் சடங்கு மாறவில்லை. ஷோரூமிலிருந்து வெளிவரும் கார் நேரே கோயிலுக்குச் செல்கிறது; சென்னையில் சென்ட்ரலை அடுத்த பல்லவன் சாலையிலுள்ள பாடிகாட் முனீஸ்வரர் கோயில் இதற்கென்றே பேர்பெற்றது. சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை போட்டு, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அவை நசுங்கும்படி வண்டியை முன்னே நகர்த்துவர். பதிவு எண்ணின் கூட்டுத்தொகை எட்டு வராமல் பார்த்துக்கொள்வோரும் உண்டு. அடுத்த பயணம் குலதெய்வத்துக்கு. ஐவர் அமரும் காரில் எண்மர் ஏறுவது அந்த ஒரு நாளைக்கு மட்டும் எவராலும் குற்றமாகக் கருதப்படுவதில்லை.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்தியக் குடும்பங்களில் 2.5 விழுக்காட்டினரிடமே காரோ ஜீப்போ வேனோ இருந்தது. 2011-ல் அது 4.7 விழுக்காடாயிற்று. இருங்காட்டுக்கோட்டையில் 2008-ல் ஹூண்டாயின் இரண்டாவது ஆலை எழுந்தது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ–நிஸான் ஆலை திறக்கப்பட்டது. 2021 ஜூன் 30 அன்று ஹூண்டாயின் ஒரு கோடியாவது கார் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்தது. ஆனால் கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்டுக்கு வந்து நாளெல்லாம் புதிய கார்களைப் பூட்டும் தொழிலாளிக்கு, குறிப்பாக ஒப்பந்த முறையில் வேலை செய்பவருக்கு, ஷோரூம் கார் எட்டாத தொலைவிலேயே இருக்கிறது. அவரைப் போன்றோருக்கு முதல் கார் எனப்படுவது செகண்ட் ஹேண்ட் சந்தையில் கிடைக்கும் பத்து, பதினைந்து ஆண்டுப் பழைய வண்டி. உரிமங்களின் காலத்து மருத்துவர் வாங்கியதும் அத்தகையதே. அன்று தடையாக நின்றது ஒதுக்கீடு, இன்று தடையாக நிற்பது வருமானம்.

உள்நாட்டில் மட்டும் 13 லட்சத்துக்கு மேல் விற்ற சான்ட்ரோவின் முதல் வரிசை 2014-இன் இறுதியில் நிறுத்தப்பட்டது. 2018-ல் அதே பெயரில் வந்த புதிய காரும் 2022-ல் விடைபெற்றது. சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதி ஆய்வுக்கு உட்படுத்தி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தியது. ஆகவே பழைய சான்ட்ரோவை முதல் காராக வாங்க முனைபவர், எச்.பி. நீக்கப்பட்டுள்ளதா, பதிவு எந்த ஆண்டுவரை செல்லும், இன்சூரன்ஸ் நடப்பில் உள்ளதா என்பனவற்றை முதலில் பார்த்து, பிறகு கதவின் அடிவிளிம்பில் துரு ஏறியுள்ளதா என விரலால் தடவிப் பார்த்து, டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது கேட்கிறார்.