சாசேஜுக்கு எத்தனை பெயர் தெரியுமா?

கொத்திய பன்றி இறைச்சியில் உப்பு, பூண்டு, மிளகு கலந்து, குடலில் அடைத்துப் புகைபோட்டு எடுத்தால் போலந்துக்காரர்கள் அதைக் ‘கியெவ்பாசா’ என்பார்கள். கிழக்கே உக்ரைனுக்குப் போங்கள், ‘கொவ்பசா’. ரஷ்யாவில் ‘கல்பசா’. செக் நாட்டில் ‘க்லொபாசா’. செர்பியாவிலும் குரோவாசியாவிலும் ‘கோபசிட்சா’. இவை எல்லாம் ஸ்லாவிய மொழிகள், ஒரே குடும்பம். பெயர்கள் ஒத்துப்போவது இயல்புதான். ஆனால் ஹங்கேரிய மொழி அந்தக் குடும்பத்தில் சேராதது என்று தெரியுமா? சுற்றியிருக்கும் எந்த மொழியோடும் அதற்கு இரத்த உறவு கிடையாது. அங்கே போய்க் கேட்டாலும் ‘கோல்பாஸ்’ என்கிறார்கள்! எல்லைக்கு அந்தப் பக்கம் புகைந்த வாசனை, சொல்லையும் இழுத்து வந்துவிட்டது. இந்தச் சொல்லின் ஆதி மூலம் துருக்கிய மொழிகளில் இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். மொழியறிஞர்களிடையே அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

மேற்கே திரும்பினால் வேறொரு கதை. இத்தாலியில் ‘சல்சிச்சா’, ஸ்பெயினில் ‘சல்சிச்சா’, பிரான்சில் ‘சொசீஸ்’, ஆங்கிலத்தில் ‘சாசேஜ்’. நான்குக்கும் பாட்டி ஒருத்திதான்: ‘உப்பிட்டது’ என்று பொருள்படும் லத்தீன் சொல். சாஸ், சல்சா, சாலட், சலாமி எல்லாமே அதே உப்பில் பிறந்தவை! குளிர்பெட்டி இல்லாத காலத்தில் இறைச்சியைக் காத்தது உப்பு. அந்த நன்றி பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த லத்தீன் உப்பு போலந்துக்குள்ளும் நுழைந்திருக்கிறது தெரியுமா? பன்றித் தலை இறைச்சியை வேகவைத்து அழுத்திச் செய்யும் ‘சல்செசோன்’ இத்தாலியிலிருந்து வந்த பெயர்தான்.

இன்னும் பழைய ஆச்சரியம் ஒன்று. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானியப் படைவீரர்கள் தெற்கு இத்தாலியின் லுக்கானியா மக்களிடம் ஒருவகை சாசேஜைக் கற்றுக்கொண்டார்கள் என்று வர்ரோ என்ற ரோமானிய அறிஞர் எழுதிவைத்தார். ஊர்ப் பெயரே பண்டத்தின் பெயராகி ‘லுக்கானிக்கா’ ஆனது. கிரேக்கத்தில் இன்றும் அது ‘லுக்கானிகோ’. பல்கேரியாவில் ‘லுகாங்கா’. ஸ்பெயினில் ‘லொங்கனீசா’. ஸ்பானியர்கள் கப்பலேறியபோது அதுவும் கூடவே ஏறியது. பிலிப்பைன்ஸ் காலைச் சாப்பாட்டில் இன்று அது ‘லொங்கனிசா’! ஒரு சின்ன இத்தாலியப் பிரதேசத்தின் பெயர் பசிபிக் கடல்வரை போயிருக்கிறது. எனக்குத் தெரிந்த உணவுப் பெயர்களில் இதைப்போல் நடந்த கால் வேறில்லை.

ஜெர்மானியர்களுக்கு ‘வுர்ஸ்ட்’, டேனியர்களுக்கு ‘பொல்ஸ’, ஸ்வீடனில் ‘கோர்வ்’, பின்லாந்தில் ‘மக்கரா’, லித்துவேனியாவில் ‘தெஷ்ரா’. சரி, வியன்னாவுக்குப் போனால் ஜெர்மன் மொழியே ஜெர்மன் மொழியோடு முரண்படும், தெரியுமா? உலகம் ‘வியன்னா சாசேஜ்’ என்று சொல்லும் மெல்லிய சாசேஜை வியன்னாக்காரர்கள் ‘ஃப்ராங்க்ஃபர்ட்டர்’ என்கிறார்கள். ஜெர்மனிக்காரர்களோ ‘வீனர்’, அதாவது வியன்னாக்காரர் என்கிறார்கள்! அதே சாசேஜ் போலந்தில் ‘பாரூஃப்கா’. ‘பாரா’ என்றால் நீராவி. செக் மொழியில் ‘பாரெக்’. கேட்க ஒன்றுபோல் இருந்தாலும் அது ‘ஜோடி’ என்பதிலிருந்து வந்தது, இரண்டிரண்டாக விற்பார்கள். நீராவியையும் ஜோடியையும் குழப்பாமல் மொழிபெயர்க்கிறவருக்குத் தனி மரியாதை வைக்க வேண்டும்.

சாசேஜை விடுங்கள், போலந்தின் மற்ற தட்டுகளுக்கு வாருங்கள். ‘பியெரோகி’ சோமாசியின் வடிவில் மடித்து நீரில் வேகவைப்பது. அதில் மிகப் பிரபலமானது ‘பியெரோகி ருஸ்கியே’: உள்ளே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வதக்கிய வெங்காயமும். பெயரைப் பார்த்து ரஷ்யப் பண்டம் என்று மெனுவில் எழுதிவிடுகிறார்கள். தவறு! ‘ருஸ்கியே’யில் இருக்கும் ‘ரூஸ்’, இன்றைய மேற்கு உக்ரைனைச் சேர்ந்த பழைய நிலப்பகுதி. ரஷ்யாவில் ‘பிரோக்’ என்று கேட்டால் அடுப்பில் சுட்ட பெரிய அடைத்த அப்பம்தான் வரும். 2022-இல் ரஷ்யா உக்ரைன்மீது முழுப் படையெடுப்பு நடத்தியபோது போலந்து உணவகங்கள் சில இந்தப் பெயரையே அழித்து ‘உக்ரைன் பியெரோகி’ என்று எழுதின. சொல்லின் பழைய பொருள் தெரிந்தவர்களுக்கு, அந்தப் பெயர் எப்போதுமே உக்ரைன் பக்கத்துப் பெயர்தான் என்பது புரியும்.

‘கொவொம்ப்கி’ என்றால் என்ன தெரியுமா? குட்டிப் புறாக்கள்! தட்டில் புறா இருக்காது; இறைச்சியும் அரிசியும் வைத்துச் சுருட்டிய முட்டைக்கோஸ் இலைதான் இருக்கும். லித்துவேனியர்கள் ஒலியைக் கடன் வாங்கவில்லை, புறாவையே தங்கள் மொழிக்கு மாற்றிக்கொண்டார்கள்: ‘பலந்தேலியாய்’, அதுவும் குட்டிப் புறாக்களே. ருமேனியாவிலும் பால்கன் நாடுகளிலும் இதே பண்டம் துருக்கியப் பெயர்களில் உலவுகிறது. குளிர்நாடான ஸ்வீடனில் இதற்குக் ‘கோல்டோல்மார்’ என்று பாதித் துருக்கியப் பெயர் எப்படி வந்தது? 1709-இல் ரஷ்யாவிடம் தோற்ற மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ், ஒட்டோமான் மண்ணில் ஐந்தாண்டு காலம் அடைக்கலம் இருந்தார். அந்த உறவோடு வந்த பண்டம் என்று ஸ்வீடன்காரர்கள் சொல்கிறார்கள். அவர் இறந்த நவம்பர் 30-ஐ இந்த முட்டைக்கோஸ் சுருளின் நாளாகவே கொண்டாடுகிறார்கள்!

1518-இல் இத்தாலிய இளவரசி போனா ஸ்ஃபோர்ட்சா போலந்து மன்னரை மணந்து வந்தார்; அவரோடு இத்தாலியக் காய்கறிகளும் வந்ததாகச் சொல்வார்கள். சூப்புக்குப் போடும் கேரட், செலரி, லீக்ஸ் கட்டுக்குப் போலந்துச் சந்தையில் இன்றும் ‘இத்தாலியச் சாமான்’ என்றுதான் பெயர். தக்காளியும் காலிஃபிளவரும் அங்கே இத்தாலியப் பெயரோடுதான் திரிகின்றன. போலந்து மட்டும் கடன் வாங்கியதா என்றால், இல்லவே இல்லை. பாலாடைக்கட்டிக்கு ஜெர்மானியர்கள் சொல்லும் ‘க்வார்க்’, ஸ்லாவியர்களின் ‘த்வாருக்’. வெள்ளரிக்கு ஜெர்மானியர்கள் சொல்லும் ‘குர்கெ’யும் ஸ்லாவியரிடம் வாங்கியதே. நாடிழந்து பிரான்சின் லொரேன் பகுதியில் வாழ்ந்த போலந்து மன்னர் ஸ்தனிஸ்வாஃப் லெஷ்சின்ஸ்கியின் வீட்டு ‘பாபா’ கேக், ரம்மில் ஊறிப் பாரிஸ் கடைகளின் பெருமையானது. அந்தப் பெயரின் பொருள் கிழவி!

இப்போது நம் காதுக்கு இனிக்கும் செய்தி. தொருன் நகரத்தின் ‘பியெர்னிக்’ என்ற தேன் ரொட்டி, கோப்பர்நிக்கஸ் பிறந்த ஊரின் அடையாளம். அந்தப் பெயர் மிளகுக் காரத்தைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது. அதன் வேர், திப்பிலியைக் குறிக்கும் ‘பிப்பலி’ வரை போகிறது. அதில் சேரும் இஞ்சிக்குப் போலந்து மொழியில் ‘இம்பிர்’. ஜெர்மன், லத்தீன், கிரேக்கம், பாலி என்று பின்னோக்கிப் போனால் எங்கே நிற்கும் தெரியுமா? நம் ‘இஞ்சி’யோடு ‘வேர்’ சேர்ந்த தென்னிந்தியச் சொல்லில்! பால்டிக் கடலை நோக்கி ஓடும் ஆற்றங்கரையில் நம் இஞ்சிவேர் மணக்கிறது.

சட்டமும் இந்தப் பெயர்களைக் காக்கிறது. ‘கபனோஸ்’ என்னும் மெல்லிய புகைச் சாசேஜுக்கு 2011-இல் ஐரோப்பிய ஒன்றியம் பாரம்பரிய முத்திரை அளித்தது. ஒடித்தால் சத்தம் கேட்க வேண்டும் என்பதுகூட இலக்கணத்தில் உண்டு! லிஷ்கி வட்டார சாசேஜும் மலைநாட்டு ஆட்டுப்பால் கட்டியான ‘ஓஸ்த்சிபெக்’கும் ஊர்ப் பெயருக்கான காப்பு பெற்றவை. இவற்றை எல்லாம் ‘சாசேஜ்’, ‘சீஸ்’ என்று ஒரே சொல்லில் எழுதுவது மொழிபெயர்ப்பு ஆகாது. பெயரை அப்படியே வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் எழுதுவதே சரி.

போலந்துக்குப் போகும் சைவ வாசகர்களுக்கு ஒரு சொல்: ‘பியெரோகி ருஸ்கியே’யின் உள்ளே இறைச்சி இராது. ஆனால் மேலே ‘ஸ்க்வார்கி’ என்று பன்றிக் கொழுப்புப் பொரியலைத் தூவிக் கொடுக்கும் கடைகள் நிறைய. ‘பெஸ் மியென்சா’, இறைச்சி வேண்டாம் என்று சொல்லுங்கள். ‘பெஸ் ஸ்க்வார்கூஃப்’ என்பதையும் மறக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள்.