மட்டம் அறியும் முறை

மேலூர்ப் பக்கத்துப் பெரியாற்றுப் பாசன வயல்களிலே பரம்படிக்கும் உழவர் கண்ணளவை மட்டும் நம்புவதில்லை. தேங்கிய நீரே அவருக்கு மேடு பள்ளங்களைக் காட்டிவிடும். வீட்டில் பந்தாட்ட மேசை அமைப்பவருக்கும் இவ்விழிப்பு வேண்டும்.

1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்னும் படையதிகாரி தொடங்கியதாகக் கூறப்பெறும் ஸ்னூக்கர் ஆட்டத்திற்கு, 1882-இல் நமது உதகமண்டலம் கிளப்பில் விதிகள் அமைந்தன. அதன் மேசை ஏறத்தாழ 12 அடி நீளமும் 6 அடி அகலமும் உடையது. மரம் ஈரத்தால் வளையுமாதலால், துணிக்கு அடியில் கற்பலகைகளைப் பதிக்கின்றனர்.

மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் சாய்வு அற்பமெனத் தோன்றும். ஆயினும் 3 விநாடி மெல்ல உருளும் பந்து, அச்சாய்வினால் சுமார் 3 சென்டிமீட்டர் விலகும். அரை விநாடியில் விரைந்தோடும் பந்தோ 1 மில்லிமீட்டர்கூட விலகாது. ஆகவே மேசையின் குறையை மெல்லிய அடியே வெளிப்படுத்தும்.

ரசமட்டத்தை நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் மூலைக்கு மூலையும் வைத்துப் பார்த்து, தாழ்ந்த காலைச் சிறிது சிறிதாக உயர்த்துக. ஒவ்வோரிடத்தும் ரசமட்டத்தை முனைமாற்றியும் வைத்துப் பார்க்க. குமிழி மேசையின் அதே பக்கம் ஒதுங்கினால் சாய்வு மேசையினது. எதிர்ப்பக்கம் ஒதுங்கினால் பிழை கருவியினது. இறுதியில் பந்தை மெல்ல உருட்டிச் சரிபார்க்க.

சாய்ந்த மேசையிலே பயில்பவன் தன் கைப்பிழை எது, மேசைப்பிழை எது என்று அறியமாட்டான். நேரிய அடியையும் தவறென்று எண்ணித் திருத்திக் கெடுப்பான். ஆய்வுக்கூடத்துத் தராசுக்கும் இது பொருந்தும். அளக்குமுன் அளவுகோலைச் சோதித்தலே அறிவியலின் முதற்பாடம்.