அண்டாவும் ஆடித் தபசும்

"ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி, ஊர்ப் பெரியவங்க முன்னால கையெழுத்தும் போட்டாச்சு. பிறகு எதுக்கு கோர்ட்டு?" சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீயை ஆற்றியபடி அண்ணாச்சி கேட்டார். மகள் பிறந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷமாகிறது.

அந்தத் தாளை நம்பாதீங்க அண்ணாச்சி. வழக்கப்படி அத்துவிடுவதை, அதாவது விவாகரத்தை, இந்துத் திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு ஏற்கிறதுதான். ஆனால் அப்படியொரு வழக்கம் காலங்காலமாக உங்க சமூகத்தில் உண்டு என்று நிரூபிக்க வேண்டும். மறுமணம் என்று வரும்போது அதுவே வம்பாகும். கோர்ட் முத்திரை வேண்டும். கோர்ட் சண்டைதான் வேண்டாம்.

1976-இல் சேர்த்த 13-பி பிரிவு அதற்குத்தான். ஒரு வருஷம் பிரிந்திருந்தால் இருவரும் சேர்ந்தே மனுப் போடலாம், யார் மேலும் பழி சொல்லாமல். ஆறு மாதம் கழித்து மறுபடி சம்மதம் சொல்ல வேண்டும். ஒன்றரை வருஷமாவது பிரிந்திருந்து, எல்லாம் பேசி முடிந்திருந்தால் அந்த ஆறு மாதத்தை நீதிபதி விலக்கலாம் என்றது 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

"பேசி முடிக்கதுதான பாடு!"

பாடுதான். ஊர்ப் பஞ்சாயத்தில் மாமனும் மச்சானும் பேசுவார்கள். வாழ்ந்த பெண் அடுப்படியில் நிற்பாள். சமரச மையத்தில் கணவனும் மனைவியும்தான் பேச வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் அப்படியொரு மையத்தை 2005-இல் தொடங்கியது. இப்போது மாவட்ட நீதிமன்றங்களிலும் உண்டு. சமரசர் தீர்ப்புச் சொல்வதில்லை. அங்கே பேசியதை நாளைக்குச் சாட்சியமாக இழுக்கவும் முடியாது. மினியாபொலிஸ் வக்கீல் ஸ்டூவர்ட் வெப் 1990-இல் இன்னும் ஒருபடி போனார்: பேச்சு முறிந்தால் இரு தரப்பு வக்கீல்களும் விலகிவிட வேண்டும். சண்டை வளர்ந்தால் அவர்களுக்கும் நஷ்டம். நம்மூரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

பணத்தைவிட ஒரு பித்தளை அண்டாவில்தான் பேச்சு முறியும். சிவனா விஷ்ணுவா பெரியவர் என்று நாகராஜாக்கள் சங்கனும் பதுமனும் மல்லுக்கட்டிய ஊரல்லவா! அதனால் குத்துவிளக்கு, பீரோ, நகை எத்தனை பவுன் என்று ஒவ்வொன்றாக எழுதுங்க. பிள்ளையை 'அடிக்கடி பார்க்கலாம்' என்று எழுதாதீங்க. எந்தெந்த ஞாயிறு, ஆடித் தபசுத் திருவிழாவுக்கு யார் தோளில் ஏறிக் காட்சி பார்க்கும் என்று எழுதுங்க. தீர்ப்பு நாள்வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் பணத்தைத் தவணையாகப் பேசுங்க.

அடி உதை நடந்த வீடென்றால் இதெல்லாம் சரிப்படாது. பயந்து போடும் கையெழுத்து சம்மதமாகாது. அவள் தனி வக்கீல் வைக்கட்டும். பெண்ணுக்கு வருமான வரம்பில்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100-க்குக் கூப்பிட்டுக் கேட்கலாம்.