மொத்த மார்க் ஒண்ணுதான்... சிஜிபிஏ மட்டும் ஏன் குறையுது?

செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கும். "ஏன்டா, உனக்கும் உன் ஃப்ரெண்டுக்கும் மொத்தம் 225 மார்க்தானே? அவனுக்கு 8.6 வந்திருக்கு, உனக்கு மட்டும் ஏன் 7.4?" என்று அம்மா கேட்பார். "அது கிரெடிட்மா, உனக்குப் புரியாது" என்று பையன் நழுவிவிடுவான். உண்மையில் அவனுக்கே அது சரியாகப் புரிந்திருக்காது.

கிரெடிட் என்பது ஒரு பாடத்தின் எடை. வாரத்துக்கு 1 மணி நேர வகுப்பு ஒரு செமஸ்டர் முழுக்க நடந்தால் 1 கிரெடிட், ஆய்வகம் என்றால் 2 மணி நேரத்துக்கு 1 கிரெடிட் என்பது பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சொல்லும் பொதுவான அளவு. மதியம் முழுக்க லேபில் கால்கடுக்க நின்றாலும் 2 கிரெடிட்தான் தேறும். ஆனால் டைம்டேபிளை வைத்து நாமே கணக்குப் போட்டுவிட முடியாது. தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் வாரம் 6 மணி நேரம் நடக்கும் தமிழ்ப் பாடத்துக்கு 3 கிரெடிட்தான். சிலபஸில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம். புரிவதற்காக மூன்று பாடங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். முக்கியப் பாடத்துக்கு 5 கிரெடிட், துணைப் பாடத்துக்கு 3, லேபுக்கு 2. நண்பன் வாங்கியது முக்கியப் பாடத்தில் 92, துணைப் பாடத்தில் 75, லேபில் 58. பையன் வாங்கியது 58, 75, 92. கூட்டினால் இருவருக்கும் 225.

மார்க் முதலில் கிரேடு பாயின்ட்டாக மாறும். 92-க்கு 10, 75-க்கு 8, 58-க்கு 6 என்று வைத்துக்கொள்வோம். (இந்த வரம்பு பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும்.) ஒவ்வொரு பாயின்ட்டையும் அந்தப் பாடத்தின் கிரெடிட்டால் பெருக்க வேண்டும். நண்பனுக்கு 50, 24, 12 என மொத்தம் 86. மொத்த கிரெடிட்டான 10-ஆல் வகுத்தால் 8.6. பையனுக்கு 30, 24, 20 என மொத்தம் 74, அதாவது 7.4. லேபில் அள்ளிய மார்க் எடை குறைந்த இடத்தில் போய் விழுந்துவிட்டது. ஒரு செமஸ்டருக்கு இப்படிப் போடுவது எஸ்ஜிபிஏ. எல்லா செமஸ்டரையும் சேர்த்துப் போட்டால் சிஜிபிஏ.

அதனால் பரீட்சைக்கு நாலு நாள்தான் இருக்கிறது என்றால், எதை முதலில் கையில் எடுக்க வேண்டும் என்பதைக் கிரெடிட்டைப் பார்த்து முடிவு செய்யலாம். இதை யாரும் வகுப்பில் சொல்லித் தருவதில்லை என்பதுதான் வேடிக்கை.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஜஸ்ட் பாஸ் ஆனாலும் சென்டம் வாங்கினாலும் கிடைக்கும் கிரெடிட் ஒன்றுதான். மார்க் மாற்றுவது கிரேடை மட்டுமே. அரியர் விழுந்தால், செமஸ்டர் முழுக்க வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் அந்தப் பாடத்துக்கு கிரெடிட் பூஜ்யம். எழுதி பாஸ் செய்த பிறகுதான் அது கணக்கில் ஏறும்.

பட்டம் வாங்க மொத்த கிரெடிட் முழுதாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பி.ஏ., பி.எஸ்ஸி. படிப்புகளுக்குப் பெரும்பாலும் 140. இதில் பலர் கோட்டைவிடுவது முக்கியப் பாடங்களில் அல்ல. என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு போன்ற விரிவாக்கப் பணிக்கு 1 கிரெடிட் வைத்திருக்கிறார்கள். சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி ஆகியவற்றுக்கும் தனியாக உண்டு. "அதெல்லாம் சும்மா பேப்பர்" என்று விட்டால், கடைசியில் 139-இல் நின்று போக வேண்டியதுதான். வேலைக்கான ஆஃபர் லெட்டர் கையில் இருக்கும், பட்டம் இருக்காது.

ஆன்லைனில் படித்தும் கிரெடிட் சேர்க்கலாம். ஸ்வயம் தளத்தில் ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் பாடங்களில் 12 வார பாடத்துக்கு 3 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 4 வாரத்துக்கு 1 என்பது வழக்கம். ஆனால் அதை மார்க்ஷீட்டில் சேர்ப்பதா வேண்டாமா என்பது கல்லூரியின் கையில் இருக்கிறது. பதிவு செய்வதற்கு முன்பே துறைத் தலைவரிடம் எழுத்துபூர்வமாக அனுமதி வாங்கிவிடுவது நல்லது. படித்து முடித்துவிட்டுப் போய்க் கேட்டால், சான்றிதழ் மட்டும் மிஞ்சும்.

இப்படிச் சேரும் கிரெடிட்டுகளைப் பத்திரப்படுத்த 2021-இல் யுஜிசி கொண்டுவந்ததுதான் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ். படிப்பைப் பாதியில் விட்டவர் திரும்பி வந்தாலோ, வேறு கல்லூரிக்கு மாறினாலோ பழைய கிரெடிட்டை எடுத்துக் காட்ட இது உதவும். பொதுவாக 7 ஆண்டுகள் வரை செல்லும். பழைய கிரெடிட்டை ஏற்பது சேரும் கல்லூரியின் விதியைப் பொறுத்தது. கணக்கை டிஜிலாக்கர் வழியாக மாணவரே தொடங்கலாம், ஆனால் கிரெடிட்டை ஏற்றுவது கல்வி நிறுவனம்தான்.

இங்கே நம்மூர் பிள்ளைகளுக்கு வரும் தலைவலி இன்ஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால், கல்லூரிப் பதிவேட்டில் முன்னால் என்று இருந்தால் இரண்டும் பொருந்தாமல் சிக்கல் வரலாம். முதல் செமஸ்டரிலேயே பெயரைச் சரிபார்த்துவிட்டால், கடைசி வருடத்தில் அலுவலகத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைய வேண்டியிருக்காது.