புகைக்கூடு: நாமே போடுவதா, பாஸைக் கூப்பிடுவதா?



மே மாதம் தென்மேற்குப் பருவ மழை பிடித்துவிட்டால் அட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்து லயங்களில் ஈர உடுப்பு எல்லாம் அடுப்புக்கு மேலேதான் காயும். குசினியில் கம்பி கட்டி, பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டையும் மலைக்குப் போகும் தாயின் படங்கும் தொங்கும். கீழே ஈர விறகு புகைந்துகொண்டிருக்கும். காலையில் வெள்ளைச் சட்டை போட்டுப் போகிற பிள்ளையின் மேல் புகை வாடை அடிக்கும். உடுப்பில் படிகிற அதே புகைதான் அந்தப் பிள்ளையின் நெஞ்சிலும் படிகிறது. வீட்டுக்குள் விறகும் கரியும் எரிப்பதால் வருகிற புகையினால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு நிமோனியாக் காய்ச்சல் வரும் ஆபத்தைப் புகை நிறைந்த குசினி ஏறக்குறைய இரண்டு மடங்காக்குகிறது.

இதைச் சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்கள். "பொகையிலயே பொறந்து பொகையிலயே வளந்தவங்க நாங்க" என்பார்கள். ஆனால் இளந்தாய்மார் கேட்கிற கேள்வி வேறு. "அய்யா, ஒரு தகரக் குழாய வாங்கி நாங்களே மாட்டிக்கலாமா, இல்ல பாஸத்தான் கூப்பிடணுமா? பாஸ் வந்தா ஒரு நாள் சம்பளத்துக்கு மேல போயிருமே."

நியாயமான கேள்வி. எங்கள் பதில் இதுதான்: அடுப்பில் தொடங்கி கூரைக்குக் கீழே வரைக்கும் உள்ள வேலையில் பெரும்பகுதியை நீங்களே செய்யலாம். கூரையிலும் சுவரிலும் கை வைக்கிற வேலைக்கு, அந்த வேலை தெரிந்தவரைத்தான் கூப்பிட வேண்டும். ஏன் என்று சொல்கிறோம்.

முதலில் காசு செலவில்லாத வேலை. விறகு காயட்டும். கவாத்து மலையிலிருந்து கொண்டு வந்த மிலாறை அன்றைக்கே அடுப்பில் வைத்தால் நெருப்பில் ஒரு பங்கு அதிலுள்ள தண்ணீரைக் காய்ச்சவே போய்விடும். மீதி புகையாகவும் கீலாகவும் வரும். மழைக்கு முன்பே வெட்டி, இஸ்தோப்பு ஓரமாகக் காற்றுப் படும்படி அடுக்கி வைத்த விறகு பாதிப் புகையைக் குறைத்துவிடும். அடுத்தது, சுவருக்கும் கூரைக்கும் இடையில் உள்ள சந்து. குளிர் வருகிறதென்று அதில் உரப் பையைத் திணித்து வைத்திருக்கிறோம். குசினிப் பக்கத்துச் சந்தையாவது திறந்து விடுங்கள். சில பழைய லயங்களில் நடுச்சுவர் கூரை வரைக்கும் எழும்புவதில்லை. அங்கே உங்கள் புகை அடுத்த காம்பராக்காரருக்கும் சேர்த்துத்தான்.

மூன்றாவது அடுப்பு. மூன்று கல் அடுப்பில் நெருப்பு நாலு பக்கமும் ஓடும். ஒரு நெருப்பில் இரண்டு பானை வைக்கிற அனகி அடுப்பு நம் நாட்டில் பரவலாகக் கிடைக்கிறது. அதை வாங்கி, சுற்றிவரக் களிமண் குழைத்துப் பூசிக்கொள்வது எந்தத் தாய்க்கும் தெரிந்த வேலை. விறகு மிச்சமாகும். ஆனால் அனகி வைத்தால் புகை முழுதாக நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். குறையும், அவ்வளவுதான். மிச்சப் புகையை வெளியே கொண்டு போகத்தான் புகைக்கூடு.

புகைக்கூடு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிப் பிழை வராது. சூடான காற்று இலேசானது, மேலே ஏறும். அது குழாய்க்குள் ஏறும்போது கீழேயிருந்து புகையை இழுக்கும். குழாய் உயரமாகவும் நேராகவும் சூடாகவும் இருந்தால் இழுவை நன்றாக இருக்கும். வளைவு கூடினால் இழுவை குறையும். இன்னொன்று: வெளியே போகிற காற்றுக்குப் பதிலாக உள்ளே காற்று வர வேண்டும். கதவு, சன்னல் எல்லாவற்றையும் இறுக்கி அடைத்துவிட்டு, "புகைக்கூடு இழுக்குதில்ல" என்று பாஸைத் திட்டுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறோம்.

அடுப்புக்கு மேல் கவிழ்க்கிற தகரக் கூடாரத்தை நீங்களே செய்யலாம். அது அடுப்பை விட நாலு பக்கமும் சற்று அகலமாக இருக்க வேண்டும், பானை இறக்க இடம் விட்டு எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக வைக்க வேண்டும். குழாய்க்கு நாகத் தகரம் நல்லது. மூடிய அடுப்புக்கு 6 அங்குலக் குழாய் போதும். திறந்த அடுப்பின் கூடாரத்துக்கு அதைவிட அகலம் தேவை, இல்லாவிட்டால் புகை கூடாரத்தின் ஓரத்தால் வழிந்து திரும்பக் குசினிக்கே வரும்.

கக்கூசு வேலையில் மிஞ்சிய பிளாஸ்டிக் குழாயைப் புகைக்கூடாக மாட்டிய ஒரு வீட்டை நாங்கள் பார்த்தோம். வீட்டுக்காரருக்கு அதில் ஒரே பெருமை. அந்தக் குழாய் 80 பாகை சூட்டிலேயே இளகத் தொடங்கும். அடுப்புப் புகை அதைவிட எவ்வளவோ சூடு. இரண்டாம் வாரம் அது வாழைத்தண்டு போல வளைந்து தொங்கியது. எரிந்திருந்தால் நச்சுப் புகை வேறு.

இனிக் கூரை. இங்கேதான் கையை எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

லயத்துக் கூரை ஒரு வீட்டுக் கூரை அல்ல. ஒரு காம்பராவில் ஓட்டை போட்டால், மழைத் தண்ணீர் தகரத்தின் பள்ளத்தால் ஓடி மூன்றாம் காம்பராவில் சொட்டும். நெருப்புப் பிடித்தால் வரிசை முழுவதும் போகும். சூடான ஒற்றைத் தகரக் குழாய்க்கும் கூரை மரத்துக்கும் இடையில் ஒன்றரை அடியாவது இடைவெளி இருக்க வேண்டும். பழைய லயங்களில் கைமரமும் சட்டமும் நெருக்கமாக இருக்கும், அந்த இடைவெளி சும்மா கிடைக்காது. மரத்தை நகர்த்த வேண்டுமா, குழாயைச் சுற்றி இன்னொரு தகர உறை போட வேண்டுமா என்று தீர்மானிப்பது தச்சு வேலை தெரிந்தவரின் கண். உள்ளே படிந்த கீல் ஒரு நாள் தானே பற்றிக்கொள்ளும்போது குழாய் சிவக்கச் சிவக்கக் காயும். இடைவெளியின் அருமை அன்றைக்குத்தான் தெரியும்.

அஸ்பெஸ்டஸ் கூரையானால் இன்னும் கவனம். அந்தத் தகட்டை வாளால் அறுக்கவோ சுத்தியலால் உடைக்கவோ கூடாது. அதன் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நார் உண்டு. அது நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது, இருபது முப்பது வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். அதோடு, பழைய தகடு ஆளின் பாரத்தைத் தாங்காது. மேலே ஏறி நடுவில் கால் வைத்தவர் அப்படியே கீழே சிமெந்துத் தரையில் விழுவார். நல்ல பாஸ் என்ன செய்வார் என்றால், பலகை போட்டு ஏறி, ஒரு முழுத் தகட்டைக் கழற்றி எடுத்துவிட்டு, கீழேயே துளை வெட்டி ஒட்டுத் தகரம் பிடித்த ஒரு நாகத் தகரத்தை அந்த இடத்தில் போடுவார். அறுப்பும் இல்லை, தூசியும் இல்லை.

உயரமும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடியாவது குழாய் எழும்ப வேண்டும். சுற்றி 10 அடிக்குள் இருக்கிற முகட்டை விட 2 அடி உயர வேண்டும். இல்லாவிட்டால் முகட்டில் அடித்துத் திரும்புகிற காற்று புகையை உள்ளே தள்ளும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆடி மாதக் காற்றில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மழைத் தொப்பியும் கம்பிக் கட்டும் அங்கே கட்டாயம்.

சுவரை உடைத்துக் குழாயை வெளியே விடுவதும் மேசன் வேலைதான். பழைய கல் சுவரில் ஒரு கல்லை இழுத்தால் மேலே என்ன வரும் என்று சொல்ல முடியாது. குழாய் போகும் வழியில் மின்சார வயர் ஓடினால் வயர்மேன் வந்து மாற்றும் வரை வேலை தொடங்க வேண்டாம்.

பாஸைப் பிடிக்கும் முன் தோட்ட ஆபீசில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். லயத்துக் கூரையும் சுவரும் நிர்வாகத்தின் பொறுப்பில் உள்ளவை. பிறகு ஒழுகினால் "நீங்கதானே ஓட்ட போட்டீங்க" என்ற பேச்சு வரக்கூடாது. செலவைப் பற்றி ஒன்று சொல்கிறோம்: ஒரு லயத்தில் ஐந்து குடும்பம் சேர்ந்து ஒரே பாஸைக் கூப்பிட்டால், ஏணிக்கும் லொறிக்கும் ஒரே செலவு. தகரமும் முழுத் தகடாக வாங்கலாம், வெட்டுத் துண்டு வீணாகாது.

வீடு கட்டுகிற எல்லா பாஸும் புகைக்கூடு தெரிந்தவர் அல்ல. "முந்தி போட்ட ஒண்ணக் காட்டுங்க பாஸ்" என்று கேளுங்கள். போய்ப் பாருங்கள். அந்த வீட்டம்மாவிடம் கேட்டால் உண்மை வரும்.

போட்ட பிறகு துடைப்பது உங்கள் வேலை. மழைக் காலத்தில் மாதம் ஒரு முறை, அடுப்பு ஆறிய பிறகு, நீண்ட மூங்கிலில் சாக்குத் துணி கட்டிக் கீழேயிருந்து குழாயைத் துடையுங்கள். காகம் கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அடைத்த குழாய் புகையோடு சேர்த்துக் கரிவாயுவையும் உள்ளே விடும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. குளிருக்காக இரவில் கரிச்சட்டியை மூடிய காம்பராவுக்குள் வைத்துத் தூங்குவதும் இதே ஆபத்துத்தான். புகைக்கூடு இருக்கிறதென்று அதைச் செய்ய வேண்டாம்.

உடுப்புக் கம்பியை அடுப்புக்கு நேர் மேலே இருந்து எடுத்து, குழாயிலிருந்து மூன்று அடி தள்ளிக் கட்டுங்கள். அந்தச் சூட்டிலேயே சட்டை காயும்.

கடைசியாக, பாஸுக்கு முழுக் காசையும் கொடுக்கும் முன், அவர் நிற்கும்போதே அடுப்பைப் பற்ற வையுங்கள். குழாய் சூடாகும் வரை ஒரு பத்து நிமிடம் விடுங்கள். பிறகு ஈரக் கடதாசி ஒன்றை நெருப்பில் போட்டு, கூடாரத்தின் ஓரத்தைப் பாருங்கள். புகை வெளியே வழிந்தால் பாஸ் இன்னொரு தடவை ஏணியில் ஏறட்டும்.