புற்றின் ஈரம்

மேற்கு ஆப்பிரிக்காவின் கானா, டோகோ, பெனின் நாடுகளில் நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை சஹாராவின் தூசைச் சுமந்து ஹர்மட்டான் காற்று வீசும். உதடு வெடிக்கும் அளவு வறட்சி. அந்த நாட்களிலும் பந்து மலைப்பாம்பு தோல் காயாமல் இருக்கிறது. அஞ்சினால் தலையை நடுவில் மறைத்து உருண்டையாகச் சுருளும் இந்தப் பாம்பு, பகலெல்லாம் எலி வளையிலும் கரையான் புற்றிலும் கிடக்கும். வெளியே காற்று காய்ந்தாலும் மண்ணுக்குள் ஈரம் அவ்வளவு எளிதில் வற்றுவதில்லை.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறார்கள். (நம் நாட்டுப் பாம்புகளை அப்படி வீட்டில் வளர்க்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது, அது நல்லதே.) பெட்டிமேல் வெப்ப விளக்கு எரிகிறது. காற்று சூடாகச் சூடாக அதற்கு நீராவித் தாகம் கூடும். ஈரப்பதம் மளமளவென்று இறங்கும். அங்கே புற்றின் வேலையைப் பார்க்க வேண்டியது தரையில் பரப்பும் விரிப்புதான்.

ஈரம் ஏன் இத்தனை முக்கியம் என்பது சட்டை உரிக்கும்போது தெரியும். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே ஒரு திரவம் சுரந்து இரண்டையும் பிரிக்கிறது. கண்கள் பால்நீலமாக மங்குவது அதனால்தான். காற்று வறண்டிருந்தால் தோல் துண்டு துண்டாகக் கிழிந்து ஒட்டிக்கொள்ளும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடிச் செதிலும் சட்டையோடு கழல வேண்டும். அது கழலாமல் தங்கினால் பார்வைக்கே ஆபத்து.

பெட்டிக்குள் ஈரம் காக்கப் பலர் விரிப்பாக நாடுவது தென்னை நார்த்தூள். பொள்ளாச்சிப் பக்கம் கட்டிகளாக அழுத்தி ஏற்றுமதியாகும் அதே பொருள். தன் எடையைப்போல் பல மடங்கு நீரை உறிஞ்சி, மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும். ஆனால் மேற்பரப்பு நசநசவென்று இருந்தால் வயிற்றுச் செதில்கள் புண்ணாகும். ஆகவே அனுபவசாலிகள் தூளை ஆழமாகப் பரப்பி, பெட்டியின் மூலைகளில் மட்டும் நீர் ஊற்றுகிறார்கள். அடித்தட்டு நனைகிறது, மேல்தட்டு உலர்ந்தே இருக்கிறது. மண் செய்வதை இதைவிட அழகாகப் பின்பற்ற முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

தென்கிழக்கு அமெரிக்காவின் சோளப்பாம்புக்கு இவ்வளவு ஈரம் வேண்டாம். ஆஸ்பென் மரச்சீவல் போதும். அதில் குடைந்த சுரங்கம் சரியாமல் நிற்கும். நனைந்தால் மட்டும் பூசணம் பிடித்துவிடும். சிடார் சீவலை எந்தப் பாம்புக்கும் போடக் கூடாது. பூச்சிகளை விரட்டும் அதன் வாசனை எண்ணெய், மூடிய பெட்டிக்குள் தங்கி மூச்சுப்பாதையை அரிக்கும். சோளப்பாம்புக்கு வேலை செய்வது வலது நுரையீரல் ஒன்றே. உதரவிதானமும் இல்லாததால் பலமாக இருமி எதையும் வெளியேற்ற அதனால் முடியாது.

புதிதாக வந்த பாம்புக்குச் சில வாரங்கள் வெறும் செய்தித்தாள் விரிப்பதும் உண்டு. உண்ணிப்பேன் ஊர்ந்தால் தாளில் உடனே தெரியும்.

விரிப்பு சரியா என்று அறிய, உரித்த சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். மூக்கு முதல் வால்நுனி வரை ஒரே துண்டாக, இரண்டு கண்செதில்களோடும் இருந்தால் ஈரம் போதுமான அளவில் இருக்கிறது.