உங்களுக்குத் தெரியுமா? தேயிலைக்கு முன் கோப்பி

மலையகத் தமிழரின் முன்னோர் முதன்முதலில் கடல் கடந்து இலங்கைக்கு வந்தது கொழுந்து பறிக்க அல்ல, கோப்பிப்பழம் பறிக்க!

• 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகின் முன்னணிக் கோப்பி நாடுகளில் இலங்கையும் ஒன்று.

• 1869இல் கோப்பி இலைகளில் துருநோய் கண்டறியப்பட்டது. இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் படியும். பிறகு இலை உதிரும். சுமார் 20 ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன.

• 1867இலேயே தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி நின்ற மலைகளைத் தேயிலை பிடித்தது.



• கேகாலை வீட்டுத்தோட்டங்களில் மிளகுக்கும் கராம்புக்கும் நடுவே கோப்பிச் செடி இன்றும் காய்க்கிறது.